வெளிநாட்டு சினை ஊசி: காசு குச்சிக்கா, காகிதத்துக்கா?

பால்பண்ணைக்காரர்களிடம் இப்போது அடிக்கடி நீட்டப்படும் சரக்கு, இறக்குமதி உறைவிந்துக் குச்சி. கூடவே வழவழப்பான புத்தகம் ஒன்று வரும். அதில் காளையின் படம் ஓரமாகவும், அதன் மகள்களின் மடி பெரிதாகவும் இருக்கும். அமெரிக்க ஜெர்சி, ஐரோப்பிய ஹெச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்), பெண் கன்று ஊசி என்று பக்கம் புரளப் புரள விலையும் ஏறும். அரசு மருந்தகத்தில் போடும் ஊசியோடு ஒப்பிட்டால் பல மடங்கு. அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது, எங்கே கெட்டுப்போகிறது, யார் மாட்டுக்கு இது பொருந்தும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சரக்கு நல்ல சரக்கு. விமான நிலையம் வரைக்கும் அதற்கு உள்ள சட்டக் காவலும் பலமானது. ஓட்டை இருப்பது அதற்குப் பிறகு, குச்சி நம் தொழுவத்துக்கு வரும் கடைசி வழியில். ஆகவே வாங்குபவர் காளையின் படத்தைப் பார்ப்பதைவிட, குச்சியோடு வரும் காகிதத்தையும் அதைக் கடுங்குளிரில் சுமந்து வரும் திரவ நைட்ரஜன் கேனையும் பார்ப்பது மேல்.

குச்சியின் கொள்ளளவு 0.25 மில்லி. ஏறக்குறைய 13 செ.மீ. நீளம், 2 மி.மீ. தடிமன். உள்ளே முட்டை மஞ்சள்கருவோ பாலோ சோயா லெசித்தினோ கலந்த கரைசலில், கிளிசரால் சேர்த்து உறையவைத்த விந்து. நம் நாட்டு உறைவிந்து நிலையங்களுக்கான தரநெறி ஒரு குச்சிக்கு 2 கோடி விந்தணு கேட்கிறது. உருக்கிய பிறகு அவற்றில் பாதியாவது முன்னோக்கி நீந்த வேண்டும். இறக்குமதியாகும் சாதாரணக் குச்சிகளும் ஏறத்தாழ இதே கணக்குதான். பாலினம் பிரித்த குச்சியில், அதாவது பெண் கன்று ஊசியில், மட்டும் 20 முதல் 40 லட்சம் விந்தணுவே இருக்கும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தக் குச்சி இந்தியாவுக்குள் வர இரண்டு கதவுகளைத் தாண்ட வேண்டும். முதல் கதவு வணிகச் சட்டம். மாட்டு விந்து 0511 10 00 என்ற சுங்க எண்ணில் வருகிறது, கட்டுப்படுத்தப்பட்ட இறக்குமதிப் பட்டியலில் இருக்கிறது. நினைத்தவுடன் ஆர்டர் போட்டு வரவழைக்க முடியாது. மத்திய கால்நடை பராமரிப்புத் துறை பரிந்துரைத்து, வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் உரிமம் தர வேண்டும். காளையின் வம்சாவளி, தாயின் பால் அளவு, மரபணு மதிப்பீடு, மாநில இனப்பெருக்கக் கொள்கைக்கு அந்த இனம் பொருந்துமா என்பதெல்லாம் இந்தக் கட்டத்தில் பார்க்கப்படும்.

இரண்டாவது கதவு சுகாதாரம். வெள்ளைக்காரன் காலத்து 1898-ஆம் ஆண்டு கால்நடை இறக்குமதிச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. முதலில் அது உயிருள்ள கால்நடையை மையமாக வைத்தே இருந்தது. 2001-இல் திருத்தி, கால்நடைப் பொருள்களையும் சேர்த்தார்கள். விந்து, கருமுட்டை, கரு மூன்றும் அந்த வரையறைக்குள் பெயர் சொல்லியே வருகின்றன. அதன்படி சரக்கு ஏற்றுமதி நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே சுகாதார இறக்குமதி அனுமதிச் சீட்டு கையில் இருக்க வேண்டும். கிளம்பிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால், சரக்கு திருப்பி அனுப்பப்படும் அல்லது அழிக்கப்படும். செலவு இறக்குமதியாளர் தலையில்.

சீட்டோடு சேர்ந்து வருவது கால்நடை சுகாதாரச் சான்றிதழ். எந்தெந்தச் சோதனை, எத்தனை நாள் இடைவெளி என்பதை இந்தியா முன்கூட்டியே வாசகமாக எழுதித் தந்துவிடும். ஏற்றுமதி நாட்டின் அரசு கால்நடை மருத்துவர் அந்த வாசகத்தின் கீழ் கையெழுத்திட்டு முத்திரை குத்த வேண்டும். விற்பனை நிறுவனத்தின் சொந்த மருத்துவர் கையெழுத்து செல்லாது. இறங்கும் இடம் தொற்றுத்தடுப்பு நிலையம் உள்ள ஊராக இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு அது சென்னை, நிலையம் பள்ளிக்கரணையில். அங்கே அதிகாரி மூன்றை ஒப்பிடுவார்: கேனின் முத்திரை எண், சான்றிதழில் எழுதிய எண், குச்சிகளில் அச்சான காளை எண். ஒரு இலக்கம் பிசகினாலும் சரக்கு நிற்கும். தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் நோய் கிடையாது, எழுத்துப் பிழைதான். காளையின் பதிவு எண்ணை ஒரு தாளில் முழுதாகவும் இன்னொன்றில் சுருக்கியும் எழுதுவது, சேகரித்த தேதியை அமெரிக்க முறைப்படி மாதம் முதலில் போடுவது, இவை இரண்டும் வழக்கமான தடுக்கல்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கோமாரியும் நீலநாக்கும் தோல் கழலை நோயும் நம் ஊரில் இல்லாததா? நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு காளையிடம் ஒருமுறை எடுக்கும் விந்தில் சில நூறு குச்சி தயாராகும். அந்தக் காளைக்கு ஒளிந்திருக்கும் தொற்று ஒன்று இருந்தால், அத்தனை குச்சியும் அத்தனை தொழுவத்துக்கும் போய்ச் சேரும். திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரி குளிர் விந்தணுவை மட்டும் காப்பாற்றுவதில்லை, வைரஸையும் பத்திரமாகக் காப்பாற்றுகிறது. கரைசலில் ஜென்டாமைசின், டைலோசின், லின்கோமைசின், ஸ்பெக்டினோமைசின் என்று நான்கு மருந்து கலக்கிறார்கள். அவை பாக்டீரியாவுக்குத்தான். வைரஸ் மேல் அவற்றின் பாச்சா பலிக்காது.

அதனால் காவல் முழுவதும் காளை மேலே வைக்கப்படுகிறது. விந்து நிலையத்துக்குள் நுழையும் முன் குறைந்தது 28 நாள் தனிமை. காசநோய், புருசெல்லோசிஸ் (கருச்சிதைவு நோய்), ஐபிஆர் (மூச்சுக்குழல் அழற்சி வைரஸ்), பிவிடி (கழிச்சல் வைரஸ்), கேம்பைலோபாக்டர், ட்ரைகோமோனாஸ் ஆகியவற்றுக்குச் சோதனை. கடைசி இரண்டும் காளையின் ஆணுறுப்பு உறைக்குள் எந்த அறிகுறியும் காட்டாமல் தங்கி, பசுவுக்குப் போனதும் சினை பிடிக்காமலும் ஆரம்பத்திலேயே கலைந்தும் தொல்லை தருபவை. அதனால் உறையைக் கழுவிய நீரை எடுத்து, வயது வந்த காளைக்கு வாரம் ஒன்றாக மூன்று முறை பார்க்க வேண்டும். ஒரே ஒரு சோதனையின் தேதி மட்டும் உள்ள தாளை நம்பிவிடக் கூடாது.

பிவிடி இன்னும் தந்திரக்காரன். சில காளைகளுக்கு ரத்தத்தில் வைரஸ் இருக்காது, எதிர்ப்புப் பொருள் மட்டும் தெரியும். ஆனால் விதைக்குள் வைரஸ் ஒளிந்துகொண்டு மாதக்கணக்கில் விந்தோடு வெளியேறும். அதனால்தான் எதிர்ப்புப் பொருள் உள்ள காளைக்கு ரத்தச் சோதனையோடு விந்தையும் சோதிக்கச் சொல்கிறார்கள். ஐபிஆர் வைரஸ் நரம்பு முடிச்சில் உறங்கிக் கிடக்கும். பயணம், வெப்பம், வேறு நோய் என்று காளைக்கு உளைச்சல் வந்தால் எழுந்து விந்தில் கலக்கும்.

ஐரோப்பிய ஒன்றிய விதியில் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு. உறையவைத்த விந்தைச் சேகரித்த நாளிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்தே அனுப்ப வேண்டும். அதற்குள் காளைக்கு ஏதாவது நோய் தலைகாட்டினால் அந்தத் தொகுதியை நிறுத்திவிடலாம். வாங்குபவருக்கு இலவசமாகக் கிடைக்கும் காப்பீடு இது.

நாட்டின் நோய் நிலவரம் ஒரே நாளில் தலைகீழாகும் என்பதையும் சமீப வருடங்கள் காட்டிவிட்டன. 2023 செப்டம்பரில் நெதர்லாந்தில் நீலநாக்கின் 3-ஆம் வகை கிளம்பி அக்கம்பக்க நாடுகளுக்கும் பரவியது. 2025 ஜனவரியில் ஜெர்மனியில் எருமைகளுக்குக் கோமாரி வந்தது, மார்ச்சில் ஹங்கேரியிலும் ஸ்லோவாக்கியாவிலும். அதே வருடம் ஜூனில் இத்தாலியிலும் பிரான்சிலும் தோல் கழலை நோய். இப்படி நடந்தவுடன் 'எங்கள் நாட்டில் இந்த நோய் இல்லை' என்ற வரியில் அரசு மருத்துவர் கையெழுத்துப் போட முடியாது. சான்றிதழ் இல்லாவிட்டால் சரக்கு இல்லை. ஐரோப்பியக் குச்சி கிடைக்கவில்லை, விலை ஏறிவிட்டது என்று விற்பனையாளர் சொல்லும்போது பெரும்பாலும் பின்னணி இதுதான். நோய் வருவதற்கு முன் சேகரித்த தொகுதி என்றால், சேகரித்த தேதிதான் துருப்புச் சீட்டு.

மறுபக்கம், நாட்டுக்கு நாடு இஷ்டப்படி தடை போடவும் முடியாது. பறவைக் காய்ச்சலைக் காட்டி அமெரிக்கக் கோழிப் பொருள்களை இதே 1898 சட்டத்தின் கீழ் இந்தியா தடுத்தது. அந்த வழக்கு உலக வணிக அமைப்புக்குப் போய், 2015-இல் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக வந்தது. உலக விலங்கு சுகாதார அமைப்பின் நெறிகளை ஒட்டியே இப்போது எல்லோரும் சான்றிதழ் வாசகம் எழுதுவதற்கு இப்படிப்பட்ட வழக்குகளும் காரணம்.

இனி குச்சியைக் கையில் எடுப்போம். அமெரிக்கக் குச்சியில் முதலில் நிறுவன எண், அடுத்து இனத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்து (ஹோல்ஸ்டீனுக்கு ஹெச்ஓ, ஜெர்சிக்கு ஜேஇ), பிறகு காளையின் எண். அதன் பக்கத்தில் பதிவுப் பெயர், சேகரித்த நாளுக்கான குறியீடு. இந்தக் காளை எண்ணை இணையத்தில் தேடினால் மதிப்பீடு முழுவதும் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் அந்தக் குச்சியை வாங்காதீர்கள். வண்ணத்தை வைத்து இனத்தைத் தீர்மானிப்பதும் வேண்டாம். நம் நிலையங்கள் இனத்துக்கு ஒரு நிறம் வைத்திருக்கின்றன, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அவரவர் நிறம்.

மதிப்பீட்டு எண்களைப் பார்க்கும்போது வருடத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒப்பீட்டு அடித்தளத்தை மாற்றுகிறார்கள். கடைசியாக 2025 ஏப்ரலில் மாற்றியபோது ஹோல்ஸ்டீன் காளைகளின் பால் மதிப்பு ஒரேயடியாக இறங்கியது. காளை மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது. பழைய புத்தகத்தைக் காட்டி 'இந்தக் காளை எவ்வளவு உசத்தி பாருங்க' என்று விற்பது சுலபம். பிஎல்ஏடி, சிவிஎம் போன்ற பிறவிக் குறைபாடுகளைச் சுமக்கிறதா என்ற குறியையும் கட்டாயம் பார்க்க வேண்டும். சோதித்து இல்லை என்று உறுதியான காளையே போதுமான அளவு கிடைக்கும்போது, சுமப்பவனை வாங்கத் தேவையில்லை.

விற்பவரைப் பற்றியும் சட்டம் இருக்கிறது. 2019-இல் தமிழ்நாடு கொண்டுவந்த மாட்டினப் பெருக்கச் சட்டம் விந்து உற்பத்தி, சேமிப்பு, விற்பனை, ஊசி போடுபவர் என எல்லாவற்றையும் பதிவுக்குள் கொண்டுவருகிறது. நாட்டுக் காளை வளர்ப்பவர்களிடம் அந்தச் சட்டத்துக்கு இருந்த எதிர்ப்பு வேறு கதை. குச்சி வாங்குபவருக்கு அதில் ஒரு பிடி கிடைக்கிறது: பதிவு எண்ணைக் கேட்கலாம். பதிவு எண், இறக்குமதி அனுமதிச் சீட்டின் நகல், சுகாதாரச் சான்றிதழில் உங்கள் காளை எண் உள்ள பக்கம், இந்த மூன்றையும் தயங்காமல் தருபவரிடம் வாங்குங்கள். 'அதெல்லாம் கம்பெனியில இருக்குங்க' என்பவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

இப்போது ஓட்டைக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து குச்சி பெரும்பாலும் உலர் கேனில் வரும். நைட்ரஜன் திரவமாகத் ததும்பாமல், உள்சுவரில் உள்ள உறிஞ்சு பொருளில் ஊறியிருக்கும். நிமிர்த்தி வைத்தால் பத்து நாள் வரை குளிர் நிற்கும். படுக்கப் போட்டால் அந்தக் கணக்கு சடசடவென்று குறையும். வெள்ளி, சனி, ஞாயிறு என்று சுங்கத்தில் மாட்டிக்கொண்டால் இன்னும் சிக்கல். ஆகவே நல்ல இறக்குமதியாளர் வெப்பநிலைப் பதிவுக் கருவியைக் கேனுக்குள் போட்டே வரவழைப்பார். அந்தப் பதிவின் நகலையும் கேளுங்கள்.

அடுத்த இடம் விற்பனையாளரின் பெரிய கேன், அதற்கடுத்து ஊசி போடுபவரின் பைக்கில் தொங்கும் 3 லிட்டர் கேன். விலை உயர்ந்த குச்சி சாவது இங்கேதான். மைனஸ் 130 டிகிரிக்கு மேல் ஏறினாலே உள்ளே பனித்துகள்கள் மறுபடி வளர ஆரம்பிக்கும். அவை விந்தணுவின் சவ்வைக் கிழிக்கும். மறுபடி நைட்ரஜனில் அமிழ்த்தினால் குச்சி பழையபடி கெட்டியாகிவிடும், வெளியே எந்த அடையாளமும் இருக்காது. செத்த சரக்கு உயிருள்ள சரக்கைப் போலவே தெரியும்.

கேனிஸ்டரை, அதாவது கேனுக்குள் குச்சிகள் நிற்கும் குவளையை, வாய்க்கு வெளியே முழுதாகத் தூக்கி, வெயிலில் குச்சி தேடுபவரைக் கண்டால் தடுத்துவிடுங்கள். கேனிஸ்டரின் விளிம்பு கேன் வாய்க்கு 5 செ.மீ. கீழேயே நிற்க வேண்டும். குச்சியை இடுக்கியால் எடுக்க 8 முதல் 10 நொடிதான் நேரம். அதற்குள் கிடைக்கவில்லை என்றால் மறுபடி கீழே இறக்கி, ஆறவிட்டுத் தேட வேண்டும். எந்தக் காளை எந்தக் கேனிஸ்டரில் என்று மூடியில் எழுதி ஒட்டியிருந்தால் தேடலே வராது. நைட்ரஜன் அளவைப் பார்க்க, மரக்குச்சியை அடிவரை விட்டுச் சில நொடி வைத்து வெளியே எடுத்து ஆட்டினால், திரவம் இருந்த உயரம் வரை வெண்பனி படியும். கேனின் கழுத்தில் வெளிப்புறமாகப் பனி பூத்திருந்தால் உள்சுவர் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம், குச்சிகளை அப்போதே வேறு கேனுக்கு மாற்ற வேண்டும்.

உருக்குவது 37 டிகிரி நீரில் 30 நொடி. சட்டைப்பையில் வைத்தோ, கையில் உருட்டியோ உருக்குவது இந்த விலைக் குச்சிக்குச் செய்யும் துரோகம். ஃபிளாஸ்கும் வெப்பமானியும் இல்லாதவரிடம் வெளிநாட்டு ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். வெளியே எடுத்ததும் குச்சியைத் துடைத்து உலர்த்த வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் விந்தணு வீங்கிச் சாகும். நம்ப முடியாத சரக்கு என்றால், தொகுதிக்கு ஒரு குச்சியைப் பலிகொடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லலாம். இருபது குச்சி வாங்கும் பண்ணைக்கு அது வீண்செலவு ஆகாது.

பெண் கன்று ஊசிக்குத் தனிக் கணக்கு. பத்தில் ஒன்பது கன்று பெண்ணாகப் பிறக்கும் என்பது உண்மை. ஆனால் விந்தணு குறைவு, பிரிக்கும் இயந்திரத்தில் அடிபட்டும் வருகிறது, அதனால் சினை பிடிப்பு குறையும். சாதாரண ஊசியில் 40 சதவீதம், இதில் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் கன்றுக்குச் சாதாரண ஊசியில் 5 குச்சி, இதில் 3.7 குச்சி. குச்சி விலையை மட்டும் பார்த்தால், சாதாரணக் குச்சியைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் விலை தாங்காது. ஆண் கன்றை வளர்க்கும் செலவையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். அதேசமயம் சினை பிடிக்கக் கூடுதலாக முக்கால் ஊசிக்கு மேல் ஆகும். ஒவ்வொரு தவறலுக்கும் 21 நாள். அதாவது மாட்டுக்குச் சராசரியாகப் பதினேழு நாள் சும்மா தீனி. ஆகவே நல்ல உடல்கட்டுள்ள கிடாரிக்கும் முதல் ஈத்து முடித்த ஆரோக்கியமான மாட்டுக்கும் மட்டும் போடுங்கள். ஏற்கெனவே இரண்டு முறை ஊசி போட்டும் சினை பிடிக்காமல் திரும்பிய மாட்டுக்குப் போடுவது காசைக் கரைப்பது. நேரமும் கொஞ்சம் தள்ளிப் போகும்: சாதாரண ஊசிக்கு, மாடு பருவத்தில் மற்ற மாடு ஏற நின்று கொடுக்க ஆரம்பித்து 12 மணி நேரம், இதற்கு 16 முதல் 24 மணி நேரத்துக்குள். உருக்கிய பின் கால் மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும்.

எந்த மாட்டுக்கு எது? சமவெளியில் ஜெர்சி, மலைப்பகுதியில் ஹெச்எஃப் என்ற தமிழ்நாட்டு வழக்கம் அனுபவத்தில் வந்தது. ஏப்ரல், மே வெயிலில் மூச்சிரைக்கும் முழு ஹெச்எஃப் வாரிசுக்கு, புத்தகத்தில் போட்ட பாலைக் கறக்கும் தெம்பு இருக்காது. குளிர்நாட்டில், அடர்தீவனத்தில், குளிரூட்டிய கொட்டகையில் எடுத்த கணக்கு அது. வெப்பம் தாங்கும் குட்டை முடி மரபணு கொண்ட ஸ்லிக் வகை ஹோல்ஸ்டீன் காளைகள் இப்போது கிடைக்கின்றன. ஹெச்எஃப்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் அதைக் கேட்கலாம். ஏற்கெனவே வெளிநாட்டு ரத்தம் பாதிக்கு மேல் ஏறிய மாட்டுக்கு மறுபடி முழு வெளிநாட்டு ஊசி போடுவதைவிட, நம் நிலையத்தின் கலப்பினக் காளை ஊசி போடுவது புத்திசாலித்தனம். சிறு உடல் கொண்ட கிடாரிக்கு ஹெச்எஃப் போட்டால் கன்று பெருத்து ஈற்றில் சிக்கும். அங்கே ஜெர்சி, அதுவும் ஈற்று எளிது என்ற மதிப்பெண் பெற்ற காளை. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் மாட்டுக்கு இந்தச் சரக்கையே நீட்ட வேண்டாம்.

ஆகவே என் மதிப்பீடு இப்படி. பதிவேடு வைத்து, தீவனம் குறையாமல், பதினைந்து இருபது கறவை நிற்கும் பண்ணைக்கு இறக்குமதி ஜெர்சிக் குச்சி கொடுக்கும் காசுக்குத் தகும். பெண் கன்று ஊசி கிடாரிகளுக்கு மட்டும் தகும், அதுவும் மானிய விலையில் உள்ளூர்க் குச்சி கிடைத்தால் முதலில் அதை முயலுங்கள். இறக்குமதி ஹெச்எஃப் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சரி, திருவண்ணாமலைக்கும் ராமநாதபுரத்துக்கும் வேண்டாம். இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு, சோதனை முறையாக நடக்கும் நம் ஏ தர நிலையக் குச்சியே போதும். அங்கே மிச்சமாகும் பணத்தைத் தாது உப்புக்கும் குடற்புழு நீக்கத்துக்கும் செலவழித்தால் சினை பிடிப்பு அதைவிட நன்றாக ஏறும்.

வாங்க முடிவெடுத்தவர்கள் ஊசி போட்ட காலிக் குச்சியைத் தூக்கி எறியாமல், மாட்டின் காது வில்லை எண்ணோடு தேதி எழுதிப் பதிவேட்டில் ஒட்டி வையுங்கள். 60 முதல் 90 நாளில் சினைப் பரிசோதனை செய்து முடிவைப் பக்கத்தில் குறியுங்கள். ஒரே தொகுதியில் நாலைந்து மாடு திரும்பினால், விற்பனையாளரிடம் பேச அந்த ஒட்டிய குச்சிகள்தான் கையில் இருக்கும் ஒரே ஆதாரம்.